கிரிஷா: ரஷ்யாவின் ‘கூரை’ச் சேவை வாங்கியவருக்கு என்ன தந்தது?

ரஷ்ய மொழியில் ‘கிரிஷா’ என்றால் கூரை. 1980களின் கடைசியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. தொழில் நடத்துகிறவரின் தலைக்கு மேல் காவலாக யார் நிற்கிறார் என்பதே அந்தப் பொருள். இதை மாமூல் என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் புரியும். மாமூல் வாங்குகிறவன் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக வாங்குகிறான். கிரிஷா அதற்கு மேலும் வேலை செய்து கொடுத்தது. வராத கடனை வசூலித்தது, ஒப்பந்தத்துக்கு ஜாமீன் நின்றது, சுங்கத்தில் சிக்கிய சரக்கை எடுத்துக் கொடுத்தது, வேறு கும்பல் கடை வாசலுக்கு வராமல் பார்த்துக்கொண்டது. ரஷ்யக் குற்றக் கும்பல்களின் எழுச்சியைத் துப்பாக்கிச் சண்டைக் கதையாகப் படித்தால் அதிகாரத்தோடு அவர்களுக்கு இருந்த உறவு பிடிபடாது. விலைக்கு விற்ற ஒரு சேவையாக எடுத்துவைத்து, என்ன கொடுத்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எங்கே கைவிட்டார்கள் என்று பார்த்தால் பிடிபடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொடக்கக் காலத்தில் இது உண்மையிலேயே வேலை செய்த சேவை. ஆனால் வாங்கியவர் எந்த ஆபத்துக்குப் பயந்து வாங்கினாரோ, அதில் பெரும்பங்கு விற்றவரிடமிருந்தே வந்தது. அதற்கு எதிராக எந்தக் காப்பும் இதில் கிடையாது. விற்பனை கும்பல்களின் கையிலிருந்து சீருடை அதிகாரிகளின் கைக்கு மாறிய பிறகும் அந்தக் குறை போகவில்லை. இன்னும் பெரிதானது.

ஏன் வாங்கினார்கள்

1988 மே மாதம் சோவியத் ஒன்றியம் கூட்டுறவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயர்தான் கூட்டுறவு, நடைமுறையில் அது தனியார் தொழிலுக்குத் திறந்த கதவு. உணவகம், தையல்கூடம், பழுதுபார்க்கும் கடை என்று எங்கும் முளைத்தன. ரொக்கம் புழங்கியது. அந்த ரொக்கத்தைக் காக்கத்தான் ஆள் இல்லை. வாங்கி விற்று லாபம் பார்ப்பதையே குற்றமாக எண்ணிப் பழகிய காவல்துறைக்கு, இந்தப் புதுக் கடைக்காரரைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. மாஸ்கோவின் ரீஷ்ஸ்கி சந்தையில் ‘ரேக்கெத்’ என்ற புதுச் சொல்லோடு வசூல் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மயச் சீட்டுகள் மக்கள் கைக்கு வந்தன. ஒரு நாட்டின் சொத்து முழுவதும் கைமாறத் தொடங்கியது, தகராறு வந்தால் தீர்க்கும் ஏற்பாடு மட்டும் பின்தங்கி நின்றது. வணிக வழக்குகளுக்கு ‘அர்பித்ராஷ்’ நீதிமன்றங்கள் இருந்தன, தீர்ப்பும் தந்தன. தீர்ப்பை நிறைவேற்றி வைக்கும் அமீனா அமைப்புக்கான தனிச் சட்டம் 1997 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தீர்ப்பு நகல் கையில் இருந்தும் பணம் வராமல் நின்றவர்கள் ஏராளம்.

அதைவிட ஆழமான காரணம் வரி. சட்டப்படி எல்லா வரியும் கட்டினால் தொழிலில் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை. அதனால் எல்லோரிடமும் இரண்டு கணக்குப் புத்தகம். கணக்கில் வராத ரொக்கத்துக்கு ‘சோர்னி நால்’, அதாவது கறுப்பு ரொக்கம் என்றே பெயர். பத்து லட்சத்துக்கு வாய்மொழியாகச் சரக்குக் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போனால், முதலில் மாட்டுவது அவருடைய வரிக்கணக்கு. காவல் நிலையத்துக்குப் போனாலும் அதே கதிதான். கூரை விற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புகார் கொடுக்க முடியாத வாடிக்கையாளரைவிட நல்ல வாடிக்கையாளர் அவர்களுக்கு வேறு யார்?

யார் விற்றார்கள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். ரஷ்ய மாஃபியா என்றதும் உடம்பெல்லாம் பச்சை குத்திய ‘வோர் வ ஸகோனே’, அதாவது ‘சட்டத்துக்குட்பட்ட திருடன்’தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார். ஸ்டாலின் கால முகாம்களில் உருவான பட்டம் அது. அரசுக்கு வேலை செய்யக் கூடாது, பொது நிதியான ‘ஒப்ஷாக்’கில் பங்கு கட்ட வேண்டும், தகராறைக் கூட்டம் கூடித் தீர்க்க வேண்டும் என்பவை அவர்களுடைய கட்டுப்பாடுகள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, போரில் அரசுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கியதில் முகாம்களுக்குள் பெரிய கொலைச் சண்டையே நடந்தது. ஆனால் 1990களில் கடை வாசலில் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இவர்கள் அல்ல. மல்யுத்த வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஆப்கன் போரிலிருந்து திரும்பியவர்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் ஒன்றாகப் பழகி, பயிற்சியாளர் சொல் கேட்டு வளர்ந்த இந்த இளைஞர்களுக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவு திடீரென்று வற்றிப்போனது. ஒழுங்கும் உடல்பலமும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன.

மாஸ்கோவில் சோல்ன்த்ஸெவோ, ஒரெஹோவோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தம்போவ், மாலிஷெவ், யெகாத்தெரின்பர்க்கில் உரல்மாஷ் என்று பெயர் பெற்றவை இப்படி வளர்ந்தவை. பேட்டையின் பெயர், ஆலையின் பெயர், தலைவர் பிறந்த ஊரின் பெயர் என்று வைத்துக்கொண்டதிலும் வியாபாரக் கணக்கு உண்டு. பெயர்தான் இவர்களுடைய முதல். பெயரைக் கேட்டதும் எதிராளி பின்வாங்கினால் ஒரு தோட்டாவும் செலவில்லை.

வாங்கும் முறை

முதல் படி ‘நயேஸ்த்’. இரண்டு மூன்று பேர் கடைக்கு வந்து, யாரோடு வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்றால் அன்றிலிருந்து இவர்கள்தான் கூரை. யாரோ இருக்கிறார்கள் என்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். வாய்க்கு வந்த பெரிய பெயரைச் சொல்லிச் சமாளிக்க முயன்றவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டினார்கள். அந்தக் கும்பலின் பிரிவுத் தலைவர், அதாவது ‘பிரிகதீர்’ யார் என்பது அடுத்த கேள்வியாக வரும். பதில் தெரியாமல் விழித்தால், இல்லாத கூரையைச் சொன்னதற்கென்று தனியாக அபராதம் விழும்.

இரண்டாவது படி ‘ஸ்த்ரெல்கா’, இரண்டு தரப்பும் கூடும் சந்திப்பு. ஹோட்டல் முகப்பு, தேநீர்க்கடை, நகரத்துக்கு வெளியே திறந்தவெளி என்று இடம் மாறும், விதிகள் மாறாது. குறித்த நேரத்துக்கு வராதவர் தோற்றவர். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டால் அதற்கே ஈடு கட்ட வேண்டும். இந்த எழுதாத சட்டத்துக்குப் ‘பொன்யாத்தியா’ என்று பெயர். பெரும்பாலான சந்திப்புகள் பேச்சோடு முடிந்தன, பேச வந்தவரின் நிதானம்தான் அங்கே ஆயுதம். கட்டப்பஞ்சாயத்து என்ற சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். பேச்சு முறிந்தால் அடுத்தது ‘ரஸ்போர்கா’, அதாவது ஆயுதத்தோடு கணக்குத் தீர்ப்பது.

மூன்றாவது படியில்தான் சேவையின் உண்மையான பயன் தெரியும். இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும் முன் அவற்றின் கூரைகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். சரக்கு வராவிட்டாலோ பணம் வராவிட்டாலோ எதிர்த்தரப்பின் கூரை பதில் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத இருவர் முன்பணம் கொடுத்து வணிகம் செய்ய முடிந்தது இந்த உத்தரவாதத்தால்தான். வங்கியோ நீதிமன்றமோ செய்ய வேண்டிய வேலை இது. இந்த ஒரு விஷயத்தில் கிரிஷா வெறும் கொள்ளையைவிட மேலானதாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அது இல்லாவிட்டால் அவ்வளவு பேர் அவ்வளவு காலம் பணம் கட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த வரிசையில் வாடிக்கையாளர்கள் அதிகம் ஏமாந்தது ‘ரஸ்வோத்கா’ என்ற நாடகத்தில். ஒரே கும்பலின் ஒரு குழு வந்து மிரட்டும். மறுநாள் இன்னொரு குழு நல்லவர்களைப்போல வந்து, இதை நாங்கள் தீர்த்துவைக்கிறோம் என்று சொல்லும். இரண்டு குழுவும் மாலையில் ஒரே மேசையில் உட்காருவது கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

விலை

நடைபாதைக் கடைக்கு மாதாமாதம் ஒரு நிலையான தொகை. நிறுவனம் என்றால் லாபத்தில் பங்கு, 20 முதல் 30 சதவீதம் என்பது பரவலாகப் பேசப்பட்ட விகிதம். லாபம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? கூரைக்காரர் தன் கணக்கரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார். வரி அலுவலகத்துக்குக் காட்டாத இரண்டாவது புத்தகம் அவருடைய மேசைக்குப் போகும். அந்த நாளோடு சேவை, பங்காளித்தனமாக மாறிவிடுகிறது. கடன் வசூலுக்குத் தனிக் கட்டணம், வசூலான தொகையில் பாதிவரை போகும். கடன்காரர் இழுத்தடித்தால் அவர்மேல் ‘ஷோட்சிக்’ போடுவார்கள். நாளுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர் வட்டி அது. சில வாரங்களில் வட்டி முதலைத் தாண்டியதும் கார், வீடு, கடைசியில் நிறுவனமே எழுதி வாங்கப்படும்.

ஒப்பந்தத்தில் எழுதாத, எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிபந்தனை இதில் உண்டு: வெளியேற வழி கிடையாது. கூரையை மாற்ற வேண்டும் என்றால் பழைய கூரையும் புதிய கூரையும் பேசி முடிக்க வேண்டும். வாடிக்கையாளர் அங்கே பேசுகிறவர் அல்ல, பேசப்படும் சொத்து.

எங்கே கைவிட்டது

விற்பவருக்கு ஏதாவது ஆனால் வாங்கியவரின் நிலை என்ன என்பதுதான் இந்தச் சேவையின் மிக மோசமான ஓட்டை. 1994ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். விளையாட்டு உலகத்துக்கும் கும்பல்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நடுவில் பாலமாக நின்ற ஒத்தாரி க்வந்த்ரிஷ்விலி ஏப்ரல் 5 அன்று மாஸ்கோவில் ஒரு குளியலகத்தைவிட்டு வெளியே வந்தபோது தொலைநோக்கித் துப்பாக்கியால் சுடப்பட்டார். ஜூன் 7 அன்று தொழிலதிபர் போரிஸ் பெரெஸோவ்ஸ்கியின் காருக்குக் குண்டு வைத்தார்கள். ஓட்டுநர் இறந்தார், அவர் தப்பினார். செப்டம்பர் 13 அன்று ஒரெஹோவோ தலைவர் செர்கேய் திமோஃபெயெவ், ‘சில்வெஸ்டர்’, மெர்சிடிஸ் காரோடு சிதறினார். ஒரு தலைவர் போனால் அவருக்குக் கீழே இருந்த வங்கிகளும் சந்தைகளும் ஒரே இரவில் கூரை இல்லாமல் நிற்கும். அவற்றைப் பிரித்துக்கொள்வதற்கான சண்டையில் வாடிக்கையாளர்களும் செத்தார்கள்.

யெகாத்தெரின்பர்க்கின் ஷிரோகாயா ரெச்கா கல்லறைத் தோட்டத்தில் இதன் விளைவு கல்லாக நிற்கிறது. நகர மையக் கும்பலைச் சேர்ந்த ஒருவரின் நினைவுக்கல்லில் அவருடைய முழு உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோட்டு, சட்டை, தெளிவான முகம். கையில் மெர்சிடிஸ் சின்னத்தோடு கார்ச் சாவி. பக்கத்துக் கல்லிலும் அதற்கடுத்த கல்லிலும் இதேபோல இளவயது உருவங்கள். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தால், முப்பதுக்குச் சற்று முன்னும் பின்னுமான வயதுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதுகாப்பு விற்றவர்களால் தங்களையே பாதுகாத்துக்கொள்ள முடியவில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைக்காது.

அந்த நகரத்தின் கும்பல் சண்டையில் நிலைத்துநின்ற உரல்மாஷ் கும்பல் அடுத்துச் செய்ததுதான் அதிகாரத்தை நோக்கிய நகர்வு. 1999இல் ‘உரல்மாஷ் சமூக அரசியல் சங்கம்’ என்று முறையாகப் பதிவு செய்துகொண்டார்கள். ரஷ்ய மொழியில் அதன் சுருக்கம் ஓ.பி.எஸ். ‘ஒழுங்கமைந்த குற்றக் கூட்டம்’ என்பதற்குக் காவல்துறை எழுதும் சுருக்கமும் அதே ஓ.பி.எஸ். தலைவர் அலெக்ஸாந்தர் ஹபாரொவ் 2002இல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 2005 ஜனவரியில் விசாரணைக் காவலில் இறந்துபோனார். தேர்தலில் நின்றது பெருமைக்காக மட்டும் அல்ல. மக்கள் பிரதிநிதிக்கு அதிகாரிகளின் கதவு திறக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கோ கைதிலிருந்து விலக்கும் உண்டு. தம்போவ் வட்டத்தைச் சேர்ந்த மிஹயில் க்ளுஷென்கோ 1995 முதல் 1999 வரை நாடாளுமன்றக் கீழவையான துமாவின் உறுப்பினராக இருந்தார். அதே துமாவின் உறுப்பினர் கலீனா ஸ்தாரவோய்தவா 1998 நவம்பர் 20 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் சொந்தக் குடியிருப்பின் மாடிப்படியில் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் என்று க்ளுஷென்கோவுக்கு 2015இல் 17 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

சிவப்புக் கூரை

கும்பலின் கூரை கறுப்பு என்றால், காவல்துறை, உளவுத்துறை ஆட்களின் கூரை சிவப்பு. 1992 மார்ச் 11 அன்று வந்த தனியார் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டாவது சந்தைக்கு உரிமம் கொடுத்தது. சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. கலைந்து வேலையிழந்த அதிகாரிகள் துப்பாக்கி உரிமத்தோடும் முத்திரைத்தாளோடும் பாதுகாப்பு நிறுவனங்களை நடத்த வந்தார்கள். கே.ஜி.பி.யின் முதல் துணைத் தலைவராக இருந்த பிலிப் பொப்கோவ், விளாதிமீர் குஸின்ஸ்கியின் மோஸ்த் குழுமத்துக்கு வேலைக்குப் போனார். வாங்குகிறவர் பார்வையில் சிவப்புக் கூரைக்கு உண்மையான சில மேன்மைகள் இருந்தன. எழுத்தில் ஒப்பந்தம், லாபப் பங்குக்குப் பதில் நிர்ணயித்த கட்டணம், எதிராளியைப் பற்றி அரசுக் கோப்புகளிலிருந்தே தகவல், தெருச் சண்டை குறைவு.

குறை என்னவென்றால், அதிகாரத்தில் ஒருபடி மேலே இருப்பவரிடம் இந்தக் கூரை நிற்காது. 1994 டிசம்பர் 2 அன்று அதிபர் யெல்த்ஸினின் பாதுகாப்புத் தலைவர் அலெக்ஸாந்தர் கொர்ஜகோவின் முகமூடி ஆட்கள் மோஸ்த் குழுமத்தின் காவலர்களை மாஸ்கோ நடுவிலேயே பனியில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவ்வளவு பெரிய பாதுகாப்புப் படை வைத்திருந்த குழுமத்தின் கதி இது. முகமூடியோடு வந்து எல்லோரையும் தரையில் கிடத்தும் சோதனைக்கு ‘மாஸ்கி ஷோ’ என்ற பெயர் தொழில் வட்டாரத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2000க்குப் பிறகு கறுப்புக் கூரைக்குத் தேவை குறைந்தது. காரணம் வீர தீரக் கைதுகள் மட்டும் அல்ல. 2001இல் வருமான வரி எல்லோருக்கும் 13 சதவீதம் என்றானது, 2002இல் நிறுவன லாப வரி 24 சதவீதமாக இறங்கியது, அமீனாக்கள் வேலை செய்யத் தொடங்கினார்கள். ஓரளவு வெள்ளைக் கணக்கு காட்டியும் பிழைக்கலாம் என்றானதும் நிறுவனங்கள் நீதிமன்றம் போகத் துணிந்தன. கும்பல் தலைவர்களில் பிழைத்தவர்கள் முதலாளிகளானார்கள். தம்போவின் விளாதிமீர் குமாரின், 1994 தாக்குதலில் ஒரு கையை இழந்தவர், பீட்டர்ஸ்பர்க் எரிபொருள் நிறுவனத்தின் துணைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். நகரத்தின் ‘இரவு ஆளுநர்’ என்று அவரை அழைத்தார்கள். 2007 ஆகஸ்டில் கைதானார். கும்பல் தலைவர் மேலே போகலாம், ஆனால் மேலே இருப்பவரின் அனுமதி உள்ளவரைதான் என்பதை அந்தக் கைது மற்றவர்களுக்கும் புரியவைத்தது.

அதோடு சேவையின் தன்மையும் மாறியது. கடையைக் கொளுத்துவதற்குப் பதில் நிறுவனத்தையே காகிதத்தில் எடுத்துக்கொள்ளும் ‘ரெய்தெர்ஸ்த்வோ’ வந்தது. அதற்கு வேண்டிய பொருள்கள் மூன்று: நிறுவனத்தின் வட்ட முத்திரை, அசல் சாசனம், பதிவுச் சான்று. இவை கையில் இருந்தால் பதிவு அலுவலகத்தில் புது இயக்குநரைப் பதிய முடியும். 2007 ஜூன் 4 அன்று உள்துறை அமைச்சக அதிகாரிகள் ஹெர்மிடேஜ் முதலீட்டு நிறுவனத்திலும் அதன் சட்ட ஆலோசகர் அலுவலகத்திலும் சோதனையிட்டு எடுத்துப்போனவை இவைதான். பின்னர் அதன் மூன்று துணை நிறுவனங்கள் முன்பே தண்டனை பெற்ற ஒருவரின் பெயருக்கு மாறின. முன்தேதியிட்ட போலி ஒப்பந்தங்களைக் காட்டி, அந்த நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி, லாபமெல்லாம் நட்டமாக்கப்பட்டது. லாபமே இல்லையென்றால் கட்டிய வரியைத் திருப்பித் தர வேண்டுமல்லவா? அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று, விண்ணப்பித்த ஒரே நாளில், 540 கோடி ரூபிள் திரும்பக் கொடுக்க ஒப்புதல் ஆனது. அன்றைய மதிப்பில் 23 கோடி டாலர். இதைத் துருவி எடுத்துச் சாட்சியம் அளித்த வரி ஆலோசகர் செர்கேய் மக்னீத்ஸ்கி 2008 நவம்பரில் கைதாகி, 2009 நவம்பர் 16 அன்று மாஸ்கோச் சிறையில் இறந்தார். பெயருக்கு உரிமையாளராக நின்றவர் தண்டிக்கப்பட்டார். சோதனைக்கு வந்த அதிகாரிகள் யாரும் தண்டிக்கப்படவில்லை.

தலைநகரத்துக்கு வெளியே இதே கூரை எப்படி இருந்தது என்பதற்கு க்ரஸ்னதார் பகுதியின் குஷ்சோவ்ஸ்கயா ஊர் ஓர் உதாரணம். நிலம் பிடிப்பதும் மிரட்டுவதுமாகப் பல ஆண்டு ஆட்டிப்படைத்த கும்பலின் தலைவர் செர்கேய் த்ஸபோக் உள்ளூர் மன்ற உறுப்பினர். மக்கள் கொடுத்த புகார்கள் காவல் நிலையத்தைத் தாண்டவில்லை. 2010 நவம்பர் 4 இரவு ஒரு விவசாயியின் வீட்டில் 12 பேர் கொல்லப்பட்டு, வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. அவர்களில் 4 பேர் குழந்தைகள். நாடே பதறிய பிறகுதான் கைதுகள் நடந்தன.

இரண்டு கூரைகள் ஒரே உணவகத்தில்

2015 டிசம்பர் 14, மாஸ்கோ ரோச்தெல்ஸ்கயா தெரு, ‘எலிமெண்ட்ஸ்’ என்ற உணவகம். இந்தச் சேவையின் எல்லாப் பாகங்களும் ஒரே மேசையில் தெரிந்த இரவு அது. தகராறு சாதாரணமானது. உள் அலங்காரம் செய்தவருக்கும் உணவக உரிமையாளருக்கும் இடையே பணப் பாக்கி. அலங்காரம் செய்தவர் சார்பில் வந்தவர்கள் ‘இத்தாலியர்’ என்ற பட்டப்பெயருள்ள அந்த்ரேய் கொச்சுய்கோவும் அவருடைய ஆட்களும். கேட்ட தொகை 80 லட்சம் ரூபிள். அவருக்கு மேலே இருந்தவர் ‘வோர் வ ஸகோனே’ பட்டக்காரர்களில் முதல் வரிசையில் எண்ணப்பட்ட ஸஹாரி கலாஷோவ், ‘ஷக்ரோ மொலதோய்’. உரிமையாளர் சார்பில் உட்கார்ந்தவர் ஒரு வழக்கறிஞர், முன்பு பாதுகாப்புச் சேவையில் இருந்தவர், இடுப்பில் துப்பாக்கியோடு. காவலர்கள் அங்கேயே இருந்தார்கள், தலையிடவில்லை. பேச்சு கைகலப்பாகி, கைகலப்பு துப்பாக்கிச் சூடானது. மிரட்ட வந்த பக்கத்தில் இருவர் செத்தார்கள். பழைய ஸ்த்ரெல்காதான் இது, 1990களிலிருந்து ஒரு படியும் மாறாமல்.

கூரை எவ்வளவு உயரம் போகிறது என்பது அதன் பிறகு தெரிந்தது. மிரட்டிப் பணம் பறித்தல் என்ற கொச்சுய்கோவின் வழக்கு, தன்னிச்சையாகச் செயல்பட்டது என்ற லேசான பிரிவுக்கு இறக்கப்பட்டது. 2016 ஜூனில் அவர் வெளியே வந்த கையோடு உள்நாட்டு உளவுத்துறையான எஃப்.எஸ்.பி. மறுபடி பிடித்தது. ஜூலையில் கலாஷோவைப் பிடித்தார்கள். சில நாள்களில், பெரிய குற்றங்களைப் புலனாய்வு செய்யும் அரசு அமைப்பான விசாரணைக் குழுவின் மூத்த அதிகாரிகள் மிஹயில் மக்சிமென்கோவும் தெனிஸ் நிகாந்த்ரொவும் இன்னும் சிலரும் கைதானார்கள். கொச்சுய்கோவை விடுவிக்க 10 லட்சம் டாலர் லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. 2018இல் மக்சிமென்கோவுக்கு 13 ஆண்டு, கலாஷோவுக்கு 9 ஆண்டு 10 மாதம். 80 லட்சம் ரூபிள் பாக்கிக்காக, அதைப்போலப் பல மடங்கு லஞ்சம். வசூல் தொகைக்காக அல்ல, பெயருக்காகச் செலவிட்ட பணம் அது. ஆளை வெளியே எடுக்க முடியாத கூரையிடம் அடுத்த வாடிக்கையாளர் வரமாட்டார்.

மிகப் பெரிய ரசீது

இந்தச் சேவையின் விலை பகிரங்கமாகப் பேசப்பட்டது லண்டன் உயர் நீதிமன்றத்தில். ஸிப்னெஃப்த் எண்ணெய் நிறுவனத்தில் தனக்குப் பங்கு இருந்தது, அதை மிரட்டி மலிவாக வாங்கிவிட்டார் என்று ரொமான் அப்ரமோவிச்மேல் பெரெஸோவ்ஸ்கி 500 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். அப்ரமோவிச்சின் பதில்: அவர் பங்குதாரரே அல்ல, கொடுத்ததெல்லாம் கிரிஷாவுக்கான பணம், கடைசியில் கொடுத்த 130 கோடி டாலர் அந்த உறவை முடித்துக்கொள்வதற்கு. 2012 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதி எலிசபெத் க்ளோஸ்டர் பெரெஸோவ்ஸ்கியின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இங்கே கூரை என்பது அடியாள் அல்ல, யெல்த்ஸின் வட்டாரத்தில் இருந்த செல்வாக்கு. நடைபாதைக் கடைக்காரரும் எண்ணெய் முதலாளியும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள், ஒரே பொருளில்.

ரஷ்யாவை மாஃபியாவே ஆள்கிறது என்ற பேச்சை அப்படியே ஏற்க இடமில்லை. ஸ்பெயினில் 2008இல் ‘த்ரொய்கா’ என்ற பெயரில் பெரிய கைது நடவடிக்கை நடந்தது, தம்போவ் மாலிஷெவ் வட்டத்தின் கென்னாதி பெத்ரோவ் மஜோர்காவில் பிடிபட்டார், பிறகு ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆனால் அந்த வழக்கில் விசாரணைக்கு நின்றவர்களை ஸ்பெயின் நீதிமன்றம் 2018இல் விடுவித்துவிட்டது. எஃப்.பி.ஐ. 2009 அக்டோபரில் முதல் பத்துத் தேடப்படுவோரில் சேர்த்த செம்யோன் மொகிலெவிச், அதற்குச் சில மாதம் முன்புதான் மாஸ்கோக் காவலிலிருந்து வெளியே வந்திருந்தார். கும்பல் அரசைப் பிடிக்கவில்லை. கூரை விற்கும் தொழிலைத்தான் அரசு அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் அளவைக் காட்ட இரண்டு பணக் குவியல்கள் போதும். 2016 செப்டம்பரில் உள்துறையின் ஊழல் தடுப்புப் பிரிவுக் கர்னல் த்மீத்ரி ஸஹார்சென்கோவின் உறவினர் வீட்டில் எடுத்த ரொக்கம் சுமார் 850 கோடி ரூபிள் மதிப்பு. 2019 ஏப்ரலில் வங்கிகளைக் கண்காணித்த எஃப்.எஸ்.பி. கர்னல் கிரில் செர்காலினிடம் கிடைத்தது சுமார் 1,200 கோடி ரூபிள். ஒரு வங்கியாளரிடம் 8.5 லட்சம் டாலர் வாங்கியதாக செர்காலின்மேல் எழுதிய குற்றச்சாட்டில், எதற்கு வாங்கினார் என்ற இடத்தில் இருந்த சொற்கள் ‘பொதுவான ஆதரவு’. கிரிஷாவை அலுவலக மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும்.

அதே 2019 ஏப்ரல் 1 அன்றுதான் குற்றவியல் சட்டத்தின் 210.1 என்ற புதுப் பிரிவில் புதின் கையெழுத்திட்டார். குற்ற உலகப் படிநிலையில் உச்சப் பதவி வகிப்பதே அதன்படி குற்றம். வேறு எதையும் செய்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை, 8 முதல் 15 ஆண்டு சிறை. செர்காலினுக்கு 2021இல் கிடைத்தது 7 ஆண்டு.